மைனரின் பின் லைற் மங்கல்: புதிது வாங்குவதா, உள்ளதைத் திருத்துவதா?

மானிப்பாய்_மைனர்

வணக்கம் உறவுகளே. சித்தப்பாவின் 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் போன ஆவணியில் என் கைக்கு வந்தது. எஞ்சின் 1098 சிசி, நல்லாக இழுக்கிறது, பொடியும் பெரிய மோசமில்லை. பிரச்சினை பின் லைற்றில். போன கிழமை கண்டி வீதியில் பொழுதுபடும் நேரம் பிறேக் அடித்தேன், பின்னால் வந்த மினி பஸ்காரன் கடைசி நிமிசத்தில்தான் விலத்தி எடுத்தான். எடுத்ததோடு விடவில்லை, பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி "அண்ணை, உங்களுக்குப் பின்னால லைற் எரியிறதே இல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான். வீட்டுக்கு வந்து பார்த்தால் எரிகிறது, ஆனால் சாமி விளக்கு மாதிரி. வலது பக்கம் இடதைவிட மோசம்.

லைற்றின் சிவப்பு மூடி வெளிறிப் பழைய மிளகாய்த்தூள் நிறத்தில் இருக்கிறது. வலது பக்க மூடியில் ஒரு மூலை உடைந்து அதில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளுக்குள் துரு. இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் முழு செற்றையும் புதிதாக வாங்கு என்றார், மற்றவர் எல்இடி போடு, பிரச்சினை முடிந்தது என்றார். கராஜில் கேட்டதற்கு "பழைய கார் அப்படித்தான் அண்ணை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

வெளிச்சம்24

எல்இடி பல்ப் போடுங்கோ அண்ணை. அதே ஹோல்டரில் அப்படியே ஏறும், இரண்டு நிமிச வேலை. கரண்டும் மிச்சம், உங்கட பழைய டைனமோவுக்கும் பாரம் குறையும்.

பழைய_வயர்மன்

தம்பி மானிப்பாய், பல்ப்பையும் மூடியையும் இப்போதைக்குத் தொடாதேங்கோ. நாற்பது வருசமாக இந்த வேலைதான் செய்கிறேன், பின் லைற் மங்கல் என்று வந்த பழைய காரில் பத்தில் எட்டுக்குப் பல்ப்பும் பிழையில்லை, மூடியும் பிழையில்லை, ஏர்த்தான் பிழை, அதாவது கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழி. மைனரில் இது இன்னும் கூட, ஏனென்றால் பின் மட்காட் பொடியோடு ஒட்டினது இல்லை, போல்ற் போட்டுப் பூட்டினது. இடையில் ஒரு பட்டி வேறு ஓடும். லைற் மட்காட்டில் இருக்கிறது, பற்றரியின் ஏர்த் பொடியில் இருக்கிறது. லைற்றுக்குப் போன கரண்ட் திரும்பி வர வேண்டியது அந்த நாலைந்து துருப்பிடித்த போல்ற்றுக்குள்ளால்தான். அதற்கு மேல் யாரோ மூன்று தரம் பெயின்ற் அடித்திருப்பான். பிறகு எப்படி எரியும்?

இரண்டு கேள்வி. ஒன்று, பின் லைற் எரியும்போது சிக்னலைப் போட்டால் பின் லைற்றும் சேர்ந்து துடிக்கிறதா? இரண்டு, பிறேக் லைற் மெதுவாக மிதித்தாலே வருகிறதா, இல்லை அழுத்தி மிதித்தால்தான் வருகிறதா? இரண்டுக்கும் பதில் எழுதுங்கோ.

கோவை_மார்க்2

அண்ணா வணக்கம், கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன், என்கிட்ட அம்பாசடர் மார்க் 2 இருக்கு. அதுவும் மொரிஸ் குடும்பம்தானுங்க, ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்ல இருந்து வந்த வண்டி, அதனால உங்க வண்டிக்கு இது சித்தப்பா பையன் முறை. வயர்மன் அண்ணன் சொல்றது நூறு சதம் சரி. நான் லென்ஸ், ரிங், பல்பு எல்லாம் மாத்தி ஏகப்பட்ட காசைத் தொலைச்சதுக்கு அப்புறம்தான் ஒரு முழம் கறுப்பு வயர் போட்டு ஏர்த்தைச் சரிபண்ணினேன். அதை முதல்லயே பண்ணியிருந்தா மத்ததெல்லாம் அவசரமே இல்லை.

மானிப்பாய்_மைனர்

வயர்மன் அண்ணை, ஓம், வலது சிக்னல் போட்டால் வலது பின் லைற்றும் மினுங்குகிறது. அதை நான் டிசைன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

பழைய_வயர்மன்

டிசைன் இல்லை தம்பி, வியாதி. சிக்னல் பல்ப்புக்குப் போன கரண்ட் ஏர்த்தைக் காணாமல் பக்கத்துப் பல்ப்பின் கம்பிக்குள்ளால் வழி தேடுகிறது. ஒரே தகரத்தில் இரண்டு பல்ப்பும் இருக்கிறபடியால் ஒன்றின் ஏர்த் போனால் மற்றதுக்கும் போய்விடும். வீட்டின் வாசல் கதவைப் பூட்டினால் ஆட்கள் வேலியால் ஏறிக் குதிக்கிற மாதிரி.

மீற்றர் ஒன்று எடுங்கோ, விலை குறைந்த டிஜிட்டல் போதும். ஆளை வைத்துப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் மற்றதை லைற்றின் அடித்தகரத்திலும் வையுங்கோ. லைற் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுழியத்துக்குக் கிட்ட வர வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் பிழை.

அப்புறம் ஒன்று கவனம். மைனருக்குப் பற்றரியின் நேர் முனைதான் பொடியில், இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. யாராவது இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கோ.

லண்டன்_தூறல்

நல்ல இழை. என்னுடையது 1962ஆம் ஆண்டு மைனர், மானிப்பாய் உறவினுடையதைவிடப் பின் லைற் சின்னது. அதில் மஞ்சள் சிக்னலே கிடையாது. மைனரில் 1961 வரை கதவுத் தூணுக்குள் இருந்து எழும்பும் கைகாட்டிதான். பிறகு மினுங்கும் சிக்னல் கொடுத்தபோது புது லைற் வைக்காமல், இருந்த சிவப்புப் பிறேக் லைற்றையே மினுங்க வைத்தார்கள். பிறேக்கையும் சிக்னலையும் ஒரே கம்பியில் கலக்காமல் பிரிக்க ஒரு ரிலே பெட்டி, அதாவது கரண்ட்டால் இயங்கும் சுவிச், வைத்தார்கள். அந்தப் பெட்டி பழுதானால் பிறேக் அடிக்கும்போது சிக்னல் வேலை செய்யாது, ஆளைப் பைத்தியமாக்கும். 1963 கடைசியில்தான் மஞ்சள் சிக்னலோடு பெரிய லைற் வந்தது. உங்களுடையது அந்தப் பெரிய லைற், எனவே அந்தத் தலையிடி உங்களுக்கு இல்லை. இங்கே 1965 செப்டெம்பருக்கு முன் பதிவான கார்களுக்குப் பின்னால் சிவப்புச் சிக்னல் இருக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனாலும் இப்போதைய சாரதிகளுக்கு அது பிறேக்கா சிக்னலா என்று விளங்குவதில்லை. நான் வளைவுகளில் கையையும் வெளியே நீட்டுகிறேன், மழையில் நனைந்தாலும்.

மூடி இங்கே புதிதாகச் செய்து விற்கிறார்கள், சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஒன்று மட்டும் வாங்காதேங்கோ, சோடியாக வாங்குங்கோ. பழைய மூடியின் சிவப்பும் புது மூடியின் சிவப்பும் ஒருபோதும் ஒத்துப் போகாது.

வெளிச்சம்24

நான் சொன்ன எல்இடியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே. ஏர்த் கொஞ்சம் பிழையாக இருந்தாலும் எல்இடி நல்லாக எரியும், கரண்ட் குறைவாகத்தானே எடுக்கும்?

பழைய_வயர்மன்

தம்பி வெளிச்சம், நீர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. கரண்ட் குறைந்தால் பிழையான ஏர்த்தில் விழும் வோல்ற்றும் குறையும், லைற் பிரகாசமாகத் தெரியும். அதாவது வியாதி மறையும், மாறாது. ஒரு மாரி முடிய அந்தத் துரு இன்னும் கொஞ்சம் தின்ன, எல்இடியும் அணையும். அது மங்கிக் காட்டிவிட்டுப் போகாது, ஒரே அடியாகப் போகும்.

டைனமோவுக்குப் பாரம் என்றீர். கணக்குப் பார்ப்போம். பின் லைற் ஒன்றுக்கு 5 வாட், இரண்டுக்கும் 10. ஒரு அம்பியர்கூட இல்லை. மைனரின் டைனமோ 22 அம்பியர் கொடுக்கும். பிறேக் லைற் இரண்டும் 42 வாட், மூன்றரை அம்பியர், அதுவும் மிதிக்கும் நேரம் மட்டும். முன் லைற் இரண்டும் குடிப்பதோடு பார்த்தால் இது ஒரு தேத்தண்ணி. சும்மா நிற்கும்போது எல்லா லைற்றும் மங்குவது வேறு விசயம், டைனமோ அந்த வேகத்தில் கொடுப்பதே இல்லை, முழுக்கப் பற்றரியில்தான் எரியும். அது இந்தக் கார்களின் சுபாவம்.

கோவை_மார்க்2

எல்இடி பத்தி என் அனுபவம்: வெள்ளை எல்இடியைச் சிவப்பு லென்ஸுக்குப் பின்னாடி போட்டேன், ரோஸ் கலர்ல எரிஞ்சுது, கல்யாண மண்டபம் மாதிரி. சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்இடிதான் போடணும். அடுத்தது, பழைய லைட்டுல பல்பு நாலு பக்கமும் வெளிச்சம் விட்டு, அது பின்னாடி தகடுல பட்டுத் திரும்பி வந்துதான் லென்ஸ் முழுக்க நிறையும். பல எல்இடி பல்புல வெளிச்சம் நேரா ஒரு புள்ளியாத்தான் வருது, லென்ஸ் நடுவுல மட்டும் ஒரு பொட்டு. சிக்னலுக்கும் போட்டேனுங்க, சிக்னலை மினுங்க வைக்கற பிளாஷர் அடிக்கவே இல்லை. பழைய பிளாஷர் உள்ள ஒரு கம்பி சூடாகித்தான் அடிக்கும், அதுக்கு ரெண்டு 21 வாட் பல்பு இழுக்கற கரண்ட் வேணும். எல்இடி இழுக்கற கரண்ட்டுல அது தூங்கிடுது. எலக்ட்ரானிக் பிளாஷர் மாத்தணும், அதுவும் நேர் முனை பாடியில இருக்கற வண்டின்னா சொல்லிக் கேட்டு வாங்கணும், இல்லைன்னா போட்ட உடனே போயிடும்.

எல்இடி தப்புன்னு சொல்லலைங்க. நல்லதா பார்த்து வாங்கினா நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு நிமிஷ வேலை இல்லை.

வெளிச்சம்24

சரி சரி, ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கிறீங்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரோஸ் கலர் கார் ஒன்றைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கு.

மானிப்பாய்_மைனர்

இன்றைக்கு ஞாயிறு, முழு நாளும் இதிலேயே போய்விட்டது. மகனை உள்ளே ஏற்றி மிதிக்கச் சொன்னேன், அவனுக்குப் பன்னிரண்டு வயது, இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தான். மீற்றர் காட்டியது இதுதான். பற்றரி 12.4. வலது பக்க பல்ப்பில் 9.8 மட்டும்! ஏர்த் பக்கம் மட்டும் 1.9 விழுகிறது, வயர் பக்கம் 0.7. இடது பல்ப்பில் 11.6. நேர் முனைதான் பொடியில், ஒருவரும் மாற்றவில்லை.

12.4க்குப் பதிலாக 9.8 என்றால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு, ஆனால் பார்க்கப் பாதிக்கும் கீழே இருக்கிறதே, அது ஏன்?

பிறகு டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கினேன். ஐயோ உறவுகளே. ஏழெட்டு இடத்தில் வயரை வெட்டி முறுக்கி, சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிச் சுற்றியிருக்கிறது. ஓரிடத்தில் வயருக்குப் பதிலாக வீட்டுக்கு ஓடும் மின்கம்பி.

பழைய_வயர்மன்

சைக்கிள் ரியூப் என்று கண்டவுடன் எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஒன்றும் செய்தது. தம்பி, அது தொண்ணூறுகளின் வேலை. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வர விடாத பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, வயர் இல்லை, இன்சுலேசன் ரேப் இல்லை. காரெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது, ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் துளி துளியாக விட்டு ஸ்ரார்ட் ஆக்கிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், புகையும் மணமும் சொல்லி வேலையில்லை. ஏ40, மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் அப்படித்தான் உயிர் தப்பின. அப்போது பல்ப் ஒன்று சுட்டால் புதிது கிடையாது, பக்கத்துக் காரில் இருந்து கடன் வாங்குவோம். உங்கட வலது மூடியில் ஒட்டியிருக்கிற சிவப்புத் துண்டு பெரும்பாலும் பிளாஸ்டிக் வாளித் துண்டாக இருக்கும், நானே எத்தனையோ வாளி வெட்டியிருக்கிறேன். அந்தச் சுற்றுகளில் ஒன்றிரண்டு என் கையாலும் சுற்றுப்பட்டிருக்கலாம், யார் கண்டது.

இனிக் கேள்விக்கு வருவோம். பல்ப்பின் வெளிச்சம் வோல்ற்றோடு சேர்ந்து நேராக இறங்காது, விழுந்தடித்து இறங்கும். கம்பி எவ்வளவு வெள்ளையாகச் சூடாகிறது என்பதில்தான் வெளிச்சம் இருக்கிறது. கொஞ்சம் ஆறினாலே சிவத்துப் போய்விடும்.

லண்டன்_தூறல்

கணக்கு வேண்டுமென்றால்: வெளிச்சம் வோல்ற்றின் 3.4ஆம் அடுக்கில் போகும் என்பார்கள். 9.8ஐ 12.4ஆல் பிரித்தால் 0.79. அதை 3.4ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 0.45. அதாவது வலது லைற்றில் 45 சதவீதம்தான் வருகிறது. இடதுக்கு 80 சதவீதம். மினி பஸ்காரனில் பிழை சொல்ல ஏலாது.

பழைய_வயர்மன்

சரி, வேலை. தனி ஏர்த் வயர் ஓடுங்கோ. லைற்றின் அடித்தகரத்தில் இருந்து கறுப்பு வயர், 2 சதுர மில்லிமீற்றர் தாராளம், டிக்கிக்குள் பொடியின் சுத்தமான இடத்தில் ஒரு போல்ற். அந்த இடத்தைத் தகரம் வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டி, வைத்து இறுக்கி, அதற்குப் பிறகுதான் மேலே கிறீஸ் அல்லது பெயின்ற். முதலே பெயின்ற் அடித்துவிட்டு இறுக்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் செய்யுங்கோ, இடது இப்போது நல்லாயிருக்கிறது என்று விடாதேங்கோ. பற்றரியில் இருந்து பொடிக்கு வரும் தடித்த பட்டியையும் கழற்றித் துடையுங்கோ.

வயர் பக்கம் விழுகிற 0.7, அந்தச் சுற்றுகளிலும், வயர் முனைகளைக் குத்திப் பொருத்தும் புல்லட் கனெக்ரரிலும். கறுப்பு றப்பர் குழாய்க்குள் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கோ, பச்சைப் பாசி பிடித்திருக்கும். கடற்காற்று. பச்சையாக இருப்பதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது ஈயம் வைத்து ஒட்டுங்கோ.

வயரின் நிறம் தெரிந்துகொள்ளுங்கோ, இந்தக் கார்களுக்கு மின் சாமான் செய்த லூக்காஸ் கம்பனியின் நிறம் ஒரு பாட்டு மாதிரி, ஒருமுறை பாடமாக்கினால் அந்தக் காலத்து எந்த இங்கிலீஸ் காரிலும் உதவும். சிவப்பு பின் லைற். பச்சையில் ஊதாக் கோடு பிறேக். பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. கறுப்பு ஏர்த். மண்ணிறம் பற்றரியில் இருந்து நேரே வருவது, அதில் கவனம், பற்றரியைக் கழற்றாமல் தொடாதேங்கோ. புது வயர் போடும்போதும் அதே நிறத்தைத் தேடிப் போடுங்கோ, உங்களுக்குப் பிறகு வருகிறவன் உங்களைத் திட்டாமல் இருப்பான்.

இன்னொன்று. பழைய மைனரில் பின் லைற் வயருக்குப் பியூஸ் இல்லை. எங்கேயாவது உரசினால் வயர் எரிந்துதான் நிற்கும். இடையில் சின்னப் பியூஸ் ஒன்று வையுங்கோ. பியூஸ் பெட்டியில் இருக்கும் 35 அம்பியர் கண்ணாடிப் பியூஸ் லூக்காஸ் கணக்கில் 35இல் உருகுவது, தொடர்ந்து தாங்குவது 17 அளவில்தான். இப்போது கடையில் 35 என்று எழுதி விற்பது தொடர்ந்து 35 தாங்கும். வாங்கிப் போட்டால் பியூஸ் தப்பும், கார் எரியும்.

நான் முதலில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பஞ்சிகாவத்தை_பக்கம்

மூடி இங்கே கொழும்பில் தேடினால் கிடைக்கும். கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு மூன்று கடையில் பழைய சரக்கு இருக்கிறது, ஆனால் கேட்ட உடனே எடுத்துத் தர மாட்டார்கள், "இல்லை" என்றுதான் முதலில் சொல்வார்கள். உங்கட பழைய மூடியைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் மேல் தட்டில் இருந்து ஒரு தூசிப் பெட்டி இறங்கும். இலங்கைக்காரருக்கு மைனர் ஒரு பெரிய விசயம்தான், இங்கிலாந்தில் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவர் இங்கேயே மைனருக்கான தகடுகளைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். பிறந்த வீட்டுக்கு இங்கேயிருந்து சீர் போன கதை.

வாங்கும்போது வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கோ. உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். மலிவானதில் அது மழுங்கி இருக்கும், வெளிச்சம் பரவாது.

மானிப்பாய்_மைனர்

சோடி வாங்கலாம், ஆனால் இடது மூடி முழுசாக இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கலாமா? சித்தப்பா கையால் துடைத்த மூடி, எறிய மனமில்லை.

கோவை_மார்க்2

எடுக்கலாமுங்க, நான் எடுத்திருக்கேன். முதல்ல கழட்டுறது. ஸ்குரூ துருப்பிடிச்சிருந்தா பலமா திருகாதீங்க, லென்ஸ் ஸ்குரூவைச் சுத்தித்தான் விரியும். பின்பக்கம் இருந்து துரு எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விடுங்க. எண்ணெய் பிளாஸ்டிக்குல படாம பார்த்துக்கணும்.

கழட்டினதும் பாத்திரம் தேய்க்கற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, பழைய டூத் பிரஷ். பாதி வெளிச்சம் அதுலயே திரும்ப வந்திடும், உள்பக்கம் அம்பது வருஷ தூசி இருக்கும். தின்னர், பெட்ரோல் எதையும் கிட்டவே கொண்டு போகாதீங்க. என் முதல் லென்ஸைத் தின்னர்ல துடைச்சேன், பளபளன்னு ஆச்சு, மறுநாள் காலையில பார்த்தா முழுக்க முடி மாதிரி விரிசல்.

அப்புறம் வெளிப்பக்கம் மட்டும் வாட்டர் பேப்பர். 1000ல ஆரம்பிச்சு 1500, 2000. கீறல் ஆழம்னா மட்டும் 800. தண்ணி விட்டுக்கிட்டே தேய்க்கணும், காய்ஞ்சு தேய்ச்சா சூட்டுல பிளாஸ்டிக் இழுகிடும். ஒவ்வொரு பேப்பருக்கும் திசை மாத்தித் தேயுங்க, அப்பத்தான் முந்தின கீறல் போயிடுச்சான்னு தெரியும். 2000 முடிஞ்சதும் பார்த்தா மேகம் மாதிரி மங்கலா இருக்கும், பயப்படாதீங்க, ரப்பிங் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில வச்சுத் தேய்ச்சா கண்ணாடி ஆயிடும். உள்பக்கக் கட்டங்களை எந்தக் காரணம் கொண்டும் பேப்பர்ல தொடாதீங்க.

ஆனா ஒண்ணு, வெயில்ல வெளுத்தது மேல் தோல் மட்டும்னாத்தான் இது. உள்ள வரைக்கும் நிறம் போயிருந்தா தேய்ச்சு வராது. சிவப்பு பெயின்ட் அடிக்கலாம்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க, வெளிச்சத்தை அதுவே குடிச்சிடும்.

லண்டன்_தூறல்

உள்ளே அடித்தகரத்தையும் மறந்துவிடாதேங்கோ. துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பெயின்ற் ஒன்று, அதற்கு மேல் பளபளப்பான வெள்ளை. எல்லோரும் வெள்ளி ஸ்பிறே அடிப்பார்கள், பார்க்க வெள்ளியாக இருந்தாலும் ஸ்பிறே வெள்ளி உண்மையில் சாம்பல் நிறம்தான், நல்ல வெள்ளைப் பெயின்ற் அதைவிடக் கூடத் திருப்பி அனுப்பும். சமையல் அலுமினியத் தாளைப் பசை வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. 21 வாட் பல்ப்பின் சூட்டுக்குப் பசை கழன்று தாள் ஹோல்டரில் விழுந்தால் சோட்தான். பல்ப் ஹோல்டருக்குள்ளும் ஏர்த் பிடிக்கும் இடத்திலும் மட்டும் பெயின்ற் படக் கூடாது.

மூடிக்கும் தகரத்துக்கும் இடையிலான றப்பரைப் புதிதாகப் போடுங்கோ. பழைய றப்பர் தண்ணியை வெளியே விடாமல் உள்ளே சேர்த்து வைத்திருக்கும்.

வெளிச்சம்24

வெளிச்சம் காணாவிட்டால் 21க்குப் பதிலாக 35 வாட் பல்ப் போட்டால்?

பழைய_வயர்மன்

மூடி உருகும். போன கேள்வியே பரவாயில்லை தம்பி.

பிறேக்குக்கு 21 வாட், பின் லைற்றுக்கு 5 வாட் என்று இருக்கும் இரட்டைக் கம்பிப் பல்ப்பையே போடுங்கோ. அதன் இரண்டு ஊசியும் ஒரே உயரத்தில் இல்லை, ஏற்ற இறக்கமாக இருக்கும், பிழையாகப் போடாமல் இருக்கத்தான். ஆனால் ஹோல்டர் தேய்ந்திருந்தால் தலைகீழாகவும் ஏறும். அப்போது பின் லைற் பளிச்சென்று எரியும், பிறேக் அடித்தால் மங்கலாக ஒன்று வரும், ஆள் சந்தோசமாக ஓடிக்கொண்டிருப்பார்.

மானிப்பாய்_மைனர்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மழை, பிறகு மகனின் சோதினை.

ஏர்த் இரண்டு பக்கமும் தனி வயர் போட்டாயிற்று. சைக்கிள் ரியூப் சுற்று எல்லாம் வெட்டி எடுத்துப் புது வயர், அதே நிறம். ஊதாக் கோடு போட்ட பச்சை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை, வெறும் பச்சை வாங்கி ஊதா நகப்பூச்சால் மனைவி கோடு போட்டுத் தந்தாள். வலது பல்ப்பில் இப்போது 12.1! ஏர்த் பக்கம் விழுவது 0.1, வயர் பக்கம் 0.2. லண்டன் உறவின் கணக்குப்படி 92 சதவீதம்.

இடது மூடி தேய்த்து நல்லாக வந்துவிட்டது. வலதுக்குப் பஞ்சிகாவத்தையில் இருந்து மச்சான் ஒன்று அனுப்பினான். சொன்னது போலவே நிறம் ஒக்கவில்லை, வலது தக்காளி, இடது மாதுளம்பழம். பகலில்தான் தெரிகிறது. இரண்டாவதும் தேடச் சொன்னேன், இதுவரை "இல்லை" என்கிறார்கள். வாளித் துண்டு ஒட்டிய பழைய மூடியை எறியவில்லை, அலுமாரியில் இருக்கிறது.

இனித்தான் விசயம். எல்லாம் பூட்டி, பின்னேரம் மனைவியைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுப் பிறேக்கை மிதித்தேன். "எரியேல்ல" என்றாள். இன்னும் மிதித்தேன். "எரியேல்ல". கோபத்தில் அடித்து மிதித்தேன், "இப்ப எரியுது, வடிவாயிருக்கு" என்றாள். வயர்மன் அண்ணை, நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள், நான் பதில் எழுதவில்லை. மகன் அன்றைக்கு இரண்டு காலாலும் ஏறி நின்றபடியால்தான் மீற்றரில் பார்க்க லைற் எரிந்திருக்கிறது.

பழைய_வயர்மன்

இரண்டு தரம் கேட்டேன் தம்பி.

அதுதான் உங்கட மினி பஸ். லைற் மங்கலும் உண்மை, ஆனால் நீங்கள் றோட்டில் மெதுவாக மிதித்து வேகம் குறைத்திருப்பீர்கள், அந்த நேரம் பிறேக் லைற் வந்தே இருக்காது. மைனரில் பிறேக் லைற் சுவிச் பெடலில் இல்லை, பிறேக் எண்ணெய்க் குழாயில் திருகியிருக்கும், எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். உள்ளே தேய்ந்து கருகினால் கூட அழுத்தம் கேட்கும். சோதித்துப் பாருங்கோ: சாவியைத் திறந்து, சுவிச்சில் இருக்கிற இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுங்கோ. லைற் உடனே பளிச்சென்று வந்தால் சுவிச் பிழை, வேறொன்றுமில்லை. மாற்றினால் பிறேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும், அதைத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கோ.

லண்டன்_தூறல்

இப்போது புதிதாக வரும் அந்தச் சுவிச்சுகள் பழையதைப் போல் நிற்பதில்லை, என்னுடையதில் இரண்டு போய்விட்டது. பிறேக் லைற்றின் மூன்றரை அம்பியரும் அந்தச் சின்ன முனைக்குள்ளால் போவதால் அது கருகுகிறது. ஒரு ரிலே வைத்துவிடுங்கோ, சுவிச் ரிலேயை மட்டும் தட்டும், கரண்ட் ரிலேக்குள்ளால் போகும்.

கோவை_மார்க்2

இதுக்குத்தான் எல்இடியும் உதவும், வெளிச்சம் தம்பி. கரண்ட் குறைஞ்சா சுவிட்ச் முனை கருகாது. சிவப்பா வாங்குங்க.

வெளிச்சம்24

ஆ! இப்பதான் ஞானம் பிறக்குது.

மானிப்பாய்_மைனர்

வயரைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு லைற்றும் பளிச். சுவிச்தான்.

அண்ணை, அது எந்தப் புரி, எங்கே வாங்கலாம்? அது வரும்வரை கார் மாமரத்துக்குக் கீழேதான், மகனுக்குத்தான் கவலை.

பழைய_வயர்மன்

பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கோ, புரியை ஒத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கழற்றின ஓட்டையை அப்படியே விடாதேங்கோ, அடைத்து வையுங்கோ, இல்லாவிட்டால் எண்ணெய் ஒழுகிப் பெயின்ற் போய்விடும். சனிக்கிழமை நான் மானிப்பாய்ப் பக்கம் ஒரு சாமத்திய வீட்டுக்கு வருகிறேன், காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்தானே. மகனை மிதிக்க வைப்போம், இந்தமுறை ஒரு காலால். அந்த வாளித் துண்டு மூடியையும் எடுத்து வையுங்கோ, ஒருக்கால் பார்க்க வேண்டும்.